ஆங்கிலம்வழிப் பிரெஞ்சுச் சொற்கற்றலில் தமிழின் இடம்: திண்டுக்கல் வட்டாரத் தொழிற்சொற்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் மாணவர்கள் பிரெஞ்சுச் சொற்களின் பொருளை ஆங்கிலத்தின்வழியே அறிகின்றனர். இதனால் தமிழிலும் பிரெஞ்சிலும் ஒத்து அமைந்த பொருள் வேறுபாடுகள் சில ஆங்கிலத்தில் மறைந்து போகின்றன. இக்கட்டுரை மும்மொழிச் சொற்பொருள் உறவை ஐந்து வகையாகப் பகுத்து, தமிழையும் உள்ளடக்கிய மும்மொழிச் சொற்பட்டியலின் தேவையை நிறுவுகிறது. பிரெஞ்சுச் சொற்கள் ஒலிப்பைத் தழுவித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: சொற்பொருளியல், மும்மொழி அகராதி, பொருட்புலம், போலி ஒப்புமை, பிரெஞ்சு கற்பித்தல்.

1. முன்னுரை

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகளிலும், கல்லூரிப் பட்டப்படிப்பின் மொழிப்பாடப் பகுதியிலும் தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சைத் தேர்ந்து பயிலும் வாய்ப்பு உள்ளது. அவ்வாறு தேரும் மாணவர் தமிழ்ப் பாடத்தை விட்டு விலகுகிறார். புதிய மொழியை ஆங்கிலத்தின் துணையோடு கற்கிறார். வீட்டிலும் கடைத்தெருவிலும் அவர் பேசும் தமிழுக்கு அச்சொற்பட்டியலில் இடமில்லை. இந்த விலக்கம் தமிழுக்கு மட்டுமன்றிப் பிரெஞ்சு கற்றலுக்கும் இழப்பு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. அகராதி மரபு

தமிழ் அகராதியியலில் ஐரோப்பியர் பங்களிப்பு வீரமாமுனிவரின் சதுரகராதியால் (1732) சிறப்புற்றது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைந்த அந்நூல், நிகண்டுச் செல்வத்தை அகர வரிசைக்குக் கொணர்ந்தது. புதுச்சேரியில் 1846இல் இலத்தீன், பிரெஞ்சு, தமிழ் ஆகிய மும்மொழிகளில் அகராதி ஒன்று அச்சேறியது. அதனைத் தொடர்ந்து மூசே, துய்ப்புயி ஆகிய மறைப்பணியாளர்களின் தமிழ் - பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. இவ்வகராதிகளில் தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலத்தின் இடையீடின்றி நேரே எதிர்கொண்டன. இன்றைய வகுப்பறை அம்மரபைப் பயன்கொள்ளவில்லை.

3. கோட்பாட்டு அடிப்படை

தொல்காப்பியர் திரிசொல்லை ஒருபொருள் குறித்த வேறுசொல், வேறுபொருள் குறித்த ஒருசொல் என இரண்டாகப் பகுத்தார். நிகண்டுகள் ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி எனத் தனித்தொகுதியே வகுத்தன. 1916இல் வெளிவந்த சசூரின் மொழியியல் நூல், ஒரு சொல்லின் மதிப்பு அம்மொழியின் பிற சொற்களோடு அது கொள்ளும் உறவால் அமைகிறது என விளக்கியது. அவர் காட்டிய சான்று பிரெஞ்சு மொழியின் ‘மூத்தோன்’ என்னும் சொல். அது செம்மறியாட்டையும் அதன் இறைச்சியையும் ஒருங்கே குறிக்கும். ஆங்கிலத்திலோ அவ்விரண்டும் ‘ஷீப்’, ‘மட்டன்’ எனப் பிரியும். ஆகவே சொல்லுக்குச் சொல் நேர்நிறுத்தும் பட்டியல் பொருளை முழுமையாகக் காட்ட இயலாது.

4. மும்மொழிப் பொருளுறவு வகைகள்

4.1 ஆங்கிலத்தில் ஒன்று. தமிழிலும் பிரெஞ்சிலும் பல

‘பிரிங்’ என்னும் ஆங்கில வினைக்குத் தமிழில் ‘அழைத்து வா’, ‘கொண்டு வா’ என இரு வழக்குகள் உண்டு. பிரெஞ்சிலும் ஆளை அழைத்து வருதல் ‘அம்னே’ எனவும், பொருளைக் கொண்டு வருதல் ‘அப்போர்த்தே’ எனவும் பெரும்பான்மை வேறுபடும். ‘யூ’ என்பது ‘நீ’, ‘நீங்கள்’ என்பன போலவே ‘த்யூ’, ‘வூ’ எனப் பிரியும். ‘டைம்’ என்பது நேரம், தடவை என இரண்டாதல் போல் ‘தான்’, ‘ஃபுவா’ என இரண்டாகும்.

நிலக்கோட்டைச் சந்தைக்கு வரும் மல்லிகை மலரும் முன்பே மொட்டாகப் பறிக்கப்படுவது. மொட்டையும் துளிரையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கம் தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ‘பட்’. பிரெஞ்சில் பூமொட்டு ‘பூத்தோன்’. இலைத்துளிரின் அரும்பு ‘பூர்ஜோன்’. தமிழ்ப்பொருள் அருகில் இருப்பின் மாணவர் மல்லிகைக்குத் துளிரின் பெயரை எழுத நேராது.

4.2 தமிழில் ஒன்று; ஏனைய இரண்டிலும் பல

திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழில் அறியப்பட்டது. உடலின் தோல், பதனிட்ட தோல் ஆகிய இரண்டையும் தமிழ் ஒரே சொல்லால் சுட்டும். ஆங்கிலத்தில் ‘ஸ்கின்’, ‘லெதர்’ எனவும், பிரெஞ்சில் ‘போ’, ‘க்வீர்’ எனவும் இவை பிரியும். இங்கு ஆங்கிலமே நல்ல துணையாகிறது.

4.3 தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்று, பிரெஞ்சில் பல

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இவ்வகைக்குச் சான்று. ‘லாக்’ என்பதற்குச் சொற்பட்டியல் தரும் ‘செரூர்’ கதவிலோ பெட்டியிலோ பொருத்தப்பட்ட பூட்டு. மாங்காய்ப் பூட்டைப் போன்ற தொங்குபூட்டிற்குரிய சொல் ‘கத்னா’. இங்குத் ‘தொங்குபூட்டு’ என்னும் அடைமொழி இன்றித் தமிழும் துணைசெய்யாது.

4.4 தமிழில் பல. ஏனைய இரண்டிலும் ஒன்று

நெல், அரிசி, சோறு ஆகிய மூன்றையும் அன்றாட வழக்கில் ஆங்கிலம் ‘ரைஸ்’ என்றும், பிரெஞ்சு ‘ரீ’ என்றும் கூறும். பிரெஞ்சிலிருந்து தமிழுக்குப் பெயர்க்கும்போது மாணவர் சூழல் நோக்கித் தேர்தல் வேண்டும்.

4.5 வடிவம் ஒன்று, பொருள் வேறு

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துள் மிகுதியாகப் புகுந்தன. அவற்றுட் பல பின்னர் வெவ்வேறு பொருட்பாதையில் சென்றன. ஆங்கில ‘லைப்ரரி’ நூலகம். பிரெஞ்சு ‘லிப்ரேரி’ புத்தகக் கடை. பிரெஞ்சிலிருந்து வராது வடிவால் மட்டும் ஒத்த சொற்களும் உண்டு: ‘ரெஸ்ட்’ ஓய்வெடுத்தல், ‘ரெஸ்த்தே’ தங்குதல்; ‘பிளெஸ்’ வாழ்த்துதல், ‘பிளெசே’ காயப்படுத்துதல். பிரெஞ்சிலிருந்து வந்து நாணயத்தைக் குறிக்கும் ‘காயின்’ அதே எழுத்துக்கூட்டலுடன் பிரெஞ்சில் ‘க்வேன்’ என ஒலித்து மூலையைக் குறிக்கும். தமிழ்ப்பொருளை உடன் எழுதுவதே இம்மயக்கத்தைத் தவிர்க்கும் எளிய வழி.

5. மாதிரிப் பதிவு

மும்மொழிச் சொற்பட்டியலின் ஒவ்வொரு பதிவும் தமிழ்ப்பொருள், ஆங்கிலச் சொல், பிரெஞ்சுச் சொல், பால், வேறுபடுத்தும் குறிப்பு ஆகிய ஐந்து கூறுகளைக் கொள்ளலாம். தமிழில் பால் பகுப்பு பொருள் நோக்கியது. பிரெஞ்சில் உயிரற்ற பொருளும் இலக்கணப் பால் பெறும். எனவே பால் குறித்தல் இன்றியமையாதது.

தொங்குபூட்டு: லாக், கத்னா, ஆண்பால், தனியே கழற்றத்தக்கது.

பதித்த பூட்டு: லாக், செரூர், பெண்பால், கதவு அல்லது பெட்டியோடு இணைந்தது.

பூமொட்டு: பட்; பூத்தோன்; ஆண்பால்; இலைத்துளிருக்குப் ‘பூர்ஜோன்’ பெரும்பான்மை.

6. முடிவுரை

மேற்கண்ட ஐவகையுள் முதலாவதும் இறுதியானதும் தமிழின் துணையை வேண்டுவன. இரண்டாவதில் ஆங்கிலம் உதவுகிறது. மூன்றாவதில் அடைமொழியும் நான்காவதில் சூழலும் பொருளைத் தெளிவிக்கின்றன. எனவே தமிழ் மட்டுமே போதும் எனவோ ஆங்கிலம் மட்டுமே போதும் எனவோ கூறுதல் பொருந்தாது. பிரெஞ்சு பயிலும் மாணவரைத் தமிழ்த்துறைகள் தம்மை விட்டு நீங்கியவராகக் கருதாமல், வட்டாரத் தொழிற்சொற்களைத் தொகுத்து மும்மொழிச் சொற்பட்டியல் ஆக்கும் பணியைப் பிரெஞ்சு ஆசிரியர்களுடன் இணைந்து மேற்கொள்ளலாம். பூட்டுப் பட்டறையும் பூச்சந்தையும் வழங்கும் சொற்கள் அப்பணிக்குத் தக்க தொடக்கமாகும்.