நோட்டில் ஏறிய பேர்

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நேற்று சாயங்காலம் உன் அம்மா வந்திருந்தாள். சீட்டுப் பணத்தை நீ கேட்டதையும், கேட்ட காரணத்தையும் சொன்னாள். உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவளிடம் நீ சொன்ன ஒரு வார்த்தை இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை. “நோட்டில் என் பேர் ஏறிடுச்சு, கட்டித்தான் ஆகணும்” என்றாயாம். அதற்குத்தான் இந்தப் பதில்.

அந்த மாதிரிப் பந்தய நோட்டுகள் எனக்குப் புதிதல்ல. கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், போலீஸ் பறிமுதல் செய்த பொருள்களோடு அவையும் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டுதான். இடப்பக்கம் பேர். முழுப் பேர்கூட இருக்காது. பட்டப்பேரோ, முதல் எழுத்தோ இருக்கும். நடுவில் எந்த டீம், எத்தனை ரன் என்ற கணக்கு. வலது ஓரத்தில் தொகை. தோற்றவன் பேரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். மேட்ச் முடிந்த மறுநாள் அந்த வட்டத்தைத் தேடித்தான் ஆள் வருவான். அந்தச் சிவப்பு வட்டம் ஏதோ சாபம் மாதிரி உன்னைப் பிடித்துக்கொண்டதாக நீ நினைக்கிறாய். அதற்கு அந்தச் சக்தியை யார் கொடுத்தது என்று நிதானமாக யோசித்துப் பார்.

சட்டம் கொடுக்கவில்லை. 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கொடு என்று எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. குதிரைப் பந்தயப் பரிசுக்கு மட்டும் சின்ன விலக்கு உண்டு. ஆக, உன்னை மிரட்டுகிறவன் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு எந்த நீதிபதி முன்னாலும் போய் நிற்க முடியாது. போனால் மாட்டிக்கொள்வது அவன்தான்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உனக்கு மாமா இல்லை. பந்தயம் செல்லாது என்றாலும், பந்தயத்தைச் சுற்றி நடக்கும் கொடுக்கல் வாங்கல் எல்லாமே தானாகச் செல்லாமல் போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1959லேயே சொல்லியிருக்கிறது. கட்டுவதற்காக நீ வங்கியிலோ கம்பெனியிலோ வாங்கிய கடன் கடன்தான். அதனால் இந்த வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நோட்டை நம்பி இருக்க மாட்டார்கள். “பணம் இல்லையா, பரவாயில்லை தம்பி, இதில் ஒரு கையெழுத்துப் போடு” என்று புரோநோட்டை நீட்டுவார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, குடும்பச் செலவுக்காகக் கைமாற்றாகப் பெற்றேன் என்று எழுதியிருக்கும். அதில் கையெழுத்து விழுந்தால், பணம் கைமாறியது என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை, இது சூதாட்டக் கணக்கு என்று நிரூபிக்கும் பாரம் உன் தலையில் விழும். தொகை எழுதாத செக்கும் அப்படித்தான். ஐந்து நிமிஷம் யோசிக்காமல் போட்ட கையெழுத்துக்கு வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் புத்தி இதுதான்: எதிலும் கையெழுத்துப் போடாதே. ஏற்கெனவே போட்டிருந்தால் என்னிடம் மறைக்காதே.

சட்டம் இல்லை, சரி, கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று கேட்பாய். உன் அப்பாவின் பிள்ளை, அப்படித்தான் கேட்பாய். நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். சின்ன வயதில் நீயும் என் மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். சூது, துகில் அன்றைக்குக் கூட்டம் நெரியும். தருமன் நாட்டை வைத்தான், தம்பிகளை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியில் மனைவியை வைத்தான். அவள் சபையில் நின்று கேட்டது ஒரே கேள்விதான்: தன்னைத் தோற்றவனுக்கு என்னை வைக்க என்ன உரிமை? பீஷ்மரே பதில் சொல்லத் திணறினார். துரியோதனன் தம்பிகளில் அவளுக்காக வாயைத் திறந்தவன் விகர்ணன் மட்டும்தான். சகுனி பகடையை உருட்டினான், அவ்வளவுதான். அந்தப் பந்தயத்தை நிறைவேற்றி வைத்தது, தோற்றால் கொடுத்தே ஆக வேண்டும் என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பெரியவர்களின் மௌனம்.

அதற்குப் பிறகு நடந்ததை ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். போனதெல்லாம் தருமனுக்குத் திரும்பக் கிடைத்தது. திருதராஷ்டிரன் எல்லாவற்றையும் கொடுத்து அனுப்பினான். பாதி வழியில் மறுபடியும் ஆட வா என்று அழைப்பு வந்தது. அழைத்தால் மறுக்கக் கூடாது என்று போனான். அந்த இரண்டாவது ஆட்டம்தான் பன்னிரண்டு வருஷம் வனவாசமும் ஒரு வருஷம் அஞ்ஞாதவாசமும் ஆனது. சூதாட்டத்துக்குக் கொடுக்கும் வாக்கு தர்மத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரும். அதை வாக்கு என்று மதித்தால், நிஜமாக நாம் வாக்குக் கொடுத்தவர்களுக்குத் துரோகம் செய்ய வேண்டி வரும். உன் அம்மாவின் சீட்டுப் பணம் உன் தங்கை படிப்புக்கு என்று நீயே சொன்ன வாக்கு. அதுதான் முந்தியது.

இது உன் ஒருவன் புத்திக்குறைவால் வந்தது என்று நொந்துகொள்ளாதே. எங்கள் காலத்தில் கிண்டி ரேஸ் இருந்தது. பந்தய நாளில் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறி, ரேஸ் புத்தகத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு போவார்கள். திரும்பும்போது முகத்தைப் பார்த்தாலே சம்பளம் என்ன ஆனது என்று தெரியும். 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அரசு அந்த இடத்துக்கு சீல் வைத்தது. அதற்கு முன்னால் லாட்டரிச் சீட்டு எத்தனையோ வீட்டு அடுப்பை அணைத்தது. 2003ல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்தது. பிறகு அதே ஆசை செல்போனுக்குள் புகுந்தது. நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்து, 2022ல் சட்டசபை மசோதா நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2023ல் மறுபடியும் நிறைவேற்றிய பிறகுதான் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்கே மத்திய அரசும் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவு திறக்கிறது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்து, மருந்துக்கு முன்னால் சூதுக்கென்று ஒரு முழு அதிகாரம் வைத்திருக்கிறார். இது நோய் பிடிப்பது போலப் பிடிக்கும் சங்கதி என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

இந்த நோயின் குணத்தையும் தெரிந்துகொள். தோற்ற பணத்தை எடுக்க ஆடும் ஆட்டத்தில்தான் மனிதன் முழுகுகிறான். கடைசிப் பந்தில் தோற்றால், தோற்றோம் என்று மனசு ஒத்துக்கொள்ளாது. கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கும். அந்த நினைப்பில்தான் அடுத்த தொகை போகும். “இன்னும் ஒரே ஒரு மேட்ச், எல்லாம் சரியாகிவிடும்” என்று உன் மனசு சொன்னால், மறு ஆட்டத்துக்கு வந்த அழைப்பு அதுதான் என்று அடையாளம் கண்டுகொள்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா. ஒரு வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவா: வங்கிக் கடன் எவ்வளவு, ஆப் கடன் எவ்வளவு, நண்பர்களிடம் வாங்கியது எவ்வளவு, நோட்டுக்காரன் கணக்கு எவ்வளவு. முதல் மூன்றும் நிஜக் கடன். சம்பளத்திலிருந்து மாதாமாதம் அடைப்போம். தவணையை வங்கியில் நானே கூட வந்து பேசுகிறேன். நான்காவதுக்கு அம்மாவின் பணத்திலிருந்து ஒரு ரூபாய் போகக் கூடாது. மிரட்டலாக வந்த மெசேஜ் எதையும் அழிக்காதே. மிரட்டிப் பணம் பறிப்பது குற்றம். ஆடினவனுக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு என்பதால், நீ தனியாகப் போய் எதையாவது உளறிவிடாதே. எனக்குத் தெரிந்த வக்கீலைக் கூட்டிக்கொண்டு நாம் சேர்ந்தே கமிஷனர் அலுவலகம் போவோம். கடன் ஆப்காரன் உன் போனில் உள்ளவர்களுக்கெல்லாம் கூப்பிட்டு அசிங்கப்படுத்தினால், உதவி எண் 1930க்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

நடுராத்திரியில் மனசு தாங்காமல், இருந்து என்ன பயன் என்று தோன்றினால் உடனே என்னைக் கூப்பிடு, எத்தனை மணியானாலும் சரி. என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 104க்கோ 14416க்கோ பேசு. அங்கே இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். எங்களுக்கு நீ வேண்டும்.

நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்ற உன் பயத்தை நம்பித்தான் அந்த நோட்டுக்காரன் பிழைக்கிறான். உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது. இனி அவன் எதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்த முடியும்? தைரியமாக வா. அத்தை உன்னைச் சாப்பிடாமல் வரச் சொன்னாள்.

உன் அன்பு மாமா