நம்ம ஆம்ப்ளிஃபயர் ஏன் நடுவுல நின்னுச்சு?

போன வருஷ ஹாஸ்டல் டேக்கு, மினி ப்ராஜெக்ட்ல செஞ்ச ஆம்ப்ளிஃபயரைத்தான் மேடையில வெச்சோம். லேப்ல நாலு மணி நேரம் அசராம ஓடினது. மேடையில பத்தே நிமிஷத்துல நின்னுடுச்சு. கொஞ்ச நேரத்துல தானா பாடுச்சு, மறுபடி நின்னுச்சு. ஐசி போயிடுச்சுன்னு நினைச்சோம். போகலைங்க. தன்னைக் காப்பாத்திக்கத்தான் நின்னுருக்கு.

தோட்டத்து மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தா ஓவர்லோட் ரிலே ட்ரிப் ஆகுமில்லையா? அதே வேலைதான் இதுவும். நாங்க போட்டது எல்எம்3886. உள்ளே இருக்கிற சிலிக்கான் சுமார் 165 டிகிரி செல்சியஸைத் தாண்டினா அவுட்புட்டை நிறுத்திடும். 155 வாக்கில் இறங்கினதும் திரும்பத் தொடங்கும். காரணம் சரியாகலைன்னா இதே விளையாட்டு தொடரும்.

அப்போ காரணம் என்ன? கூட்டம் அதிகம்னு இன்னொரு 8 ஓம் பாக்ஸை பேரலலா சேர்த்திருந்தோம். லோடு 4 ஓம் ஆயிடுச்சு. இப்ப கணக்கைப் பாருங்க.

கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயர்ல அதிகபட்ச வெப்பம் = மொத்த சப்ளை வோல்டேஜின் வர்க்கம் ÷ (19.74 × ஸ்பீக்கர் ஓம்). இந்த 19.74 என்பது பையின் வர்க்கத்தின் இரண்டு மடங்கு. எங்க சப்ளை பிளஸ் 28, மைனஸ் 28. மொத்தம் 56 வோல்ட்.

8 ஓமுக்கு: 3136 ÷ 157.9 = சுமார் 20 வாட்.
4 ஓமுக்கு: 3136 ÷ 79 = சுமார் 40 வாட்.

அடுத்து, இந்த வெப்பம் வெளியேறும் வழி. ஒவ்வொரு வாட்டுக்கும் எத்தனை டிகிரி ஏறும்னு கூட்டணும்: ஐசிக்குள்ள 1, ஹீட்சிங்க் பேஸ்ட்டுக்கு 0.2, எங்க ஹீட்சிங்குக்கு 4. ஆக 5.2. அறை 30 டிகிரின்னா, 8 ஓம்ல சிலிக்கான் 30 + 104 = 134. தாங்கும். 4 ஓம்ல 30 + 208 = 238! அங்க போறதுக்கு முன்னாடியே 165-ல் கட் ஆயிடும்.

இன்னொரு வேடிக்கை. வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுப் பார்த்தோம், பயனில்லை. ஏன்னா வெப்பம் உச்சத்துக்குப் போறது முழு வால்யூம்ல இல்லை. சைன் அலைக்கு 4 ஓம்ல 68 வாட் அவுட்புட் வரும்போது வெப்பம் சுமார் 36 வாட். 40 வாட் அவுட்புட் வரும்போது அதுவும் 40 வாட். அலையின் உச்சி சப்ளையைத் தொடாம பாதி வழியில நிக்கும்போது, மீதி வோல்டேஜை டிரான்சிஸ்டர்தான் சுமக்குது. பாட்டுல சராசரி குறையும்தான், ஆனா டிசைனை மோசமான நிலைக்குத்தான் போடணும்.

தனி டிரான்சிஸ்டர்கள்ல செய்யறவங்க ஒண்ணு கவனிங்க. சூடு ஒரு டிகிரி ஏறினா பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். பயாஸ் அப்படியே நின்னா கரண்ட் கூடும், கரண்ட் கூடினா சூடு கூடும், கடைசியில எரியும். அதனாலதான் பயாஸ் டிரான்சிஸ்டரை அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இருக்கிற ஹீட்சிங்க்லயே இறுக்குவாங்க. அது சூட்டை உணர்ந்து பயாஸைக் குறைக்கும். அதை போர்டுல தனியா நிக்க வெச்சா காவல்காரனை ஊருக்கு அனுப்பின மாதிரிதான்.

நீங்க செய்யும்போது: பீளமேட்டு ஏப்ரல் மதியத்தை மனசுல வெச்சு, சுத்துப்புறம் 40 டிகிரின்னு எடுங்க. சிலிக்கான் 150-ஐத் தாண்டக் கூடாது. 110 ÷ 40 = 2.75. அதுல 1.2 கழிச்சா 1.55. அதாவது வாட்டுக்கு 1.5 டிகிரிக்குள்ள இருக்கிற ஹீட்சிங்க் வேணும். காப்புக்கு மைக்கா வெச்சா இன்னும் பெருசு வேணும். துடுப்புகள் செங்குத்தா நிக்கட்டும். அப்பத்தான் சூடான காத்து மேலே ஏறிப் போகும்.

ட்ரிப் ஆகிற ரிலேக்குக் குச்சி குத்தி வெச்சா என்னாகும்? காயில் போயிடும். ஆம்ப்ளிஃபயர் நின்னாலும் முதல்ல திட்டாதீங்க. என்ன லோடு மாட்டினோம்னு பாருங்க.