பாலைவழிச் சின்னங்களும் அவற்றைப் பறிப்போரும்

மாணவச் செல்வங்களே, உலகப் படத்தில் ஆஸ்திரேலியாவைச் சற்று நோக்குங்கள். சிட்னி, மெல்பர்ன், பெர்த் முதலிய பெருநகரங்கள் யாவும் கடற்கரையை ஒட்டியே அமைந்திருக்கக் காண்கிறோம். நடுப்பகுதியோ ஊர்ப் பெயர்கள் குறைந்து வெறுமையாகத் தோன்றும். அவ்வெறுமை படத்தில்தான் உண்டு. செம்மணல் மேடுகளும் முட்புற்களும் நிறைந்த அந்நிலத்தில், ஒவ்வொரு நீரூற்றையும் பெயர் சொல்லி அறிந்த ஆதிக்குடி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். பின்னாளில் வந்த வெள்ளையர் அங்கே வழி தேடியபோது, மரத்தில் செதுக்கியும், கற்களைக் குவித்தும், உலோகத் தகடு அறைந்தும் தாம் வந்து சென்றதைக் குறித்து வைத்தனர். அக்குறிகளுள் பல இன்று களவு போகின்றன, பல சிதைக்கப்படுகின்றன. அதனால் இழப்பது யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

மரத்தில் செதுக்கிய நான்கு எழுத்துக்கு என்ன மதிப்பு இருந்துவிடப் போகிறது என்று சிலர் எண்ணக்கூடும். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் தென்மேற்குக் கோடியில், கூப்பர் ஓடைக்கரையில் நிற்கும் ஒரு கூலிபா மரத்தின் வரலாற்றை அவர்கள் அறிதல் வேண்டும்.

1860-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள், பர்க் என்பவரின் தலைமையில் ஒரு குழு ஒட்டகங்களுடன் மெல்பர்னிலிருந்து புறப்பட்டது. கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடப்பதே அதன் நோக்கம். கூப்பர் ஓடையில் பாசறை அமைத்து, அதனைப் பிராஹே என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, பர்க், வில்ஸ், கிங், கிரே ஆகிய நால்வரும் டிசம்பர் 16-ஆம் நாள் வடக்கு நோக்கிச் சென்றனர். பிராஹே நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்தார். சென்றவர் திரும்பவில்லை. 1861 ஏப்ரல் 21-ஆம் நாள் காலையில், உணவுப் பொருள்களை மண்ணில் புதைத்து, தோண்டிப் பார்க்கும்படி அம்மரத்தில் செதுக்கிவிட்டு, அவர் தம் ஆட்களுடன் கிளம்பிவிட்டார். அன்று மாலையே பர்க்கும் வில்ஸும் கிங்கும் எலும்பும் தோலுமாய் அங்கு வந்து சேர்ந்தனர்! கிரே நான்கு நாள்களுக்கு முன்புதான் வழியில் இறந்திருந்தார். சில மணி நேர இடைவெளியில் இரு கூட்டத்தாரும் ஒருவரை ஒருவர் காணாது தவறிவிட்டனர்.

ஆயினும் மரம் தன் கடமையைச் செய்தது. எழுத்தைக் கண்டார்கள், தோண்டினார்கள், உணவு கிடைத்தது. இதற்குப் பின் நிகழ்ந்ததுதான் நம் நெஞ்சை உறுத்துவது. மூவரும் தாங்கள் செல்லும் திசையைக் கடிதத்தில் எழுதி, அதே குழியில் புதைத்து, மண்ணை முன்போலவே மூடிவைத்துப் போயினர். மரத்தில் மட்டும் புதிதாக எதையும் செதுக்கவில்லை. மனம் கேளாத பிராஹே மே 8-ஆம் நாள் மற்றொருவருடன் திரும்பி வந்து பார்த்தார். மரத்தில் தாம் செதுக்கியது தவிர வேறு குறியில்லை. எவரும் வரவில்லை என்றெண்ணித் தோண்டாமலே சென்றுவிட்டார். ஒரே ஒரு புதிய கீறல் இருந்திருந்தால் அக்கடிதம் அன்றே அவர் கைக்கு வந்திருக்கும். பர்க்கும் வில்ஸும் சில வாரங்களில் மாண்டனர். யாண்ட்ருவாண்டா என்னும் ஆதிக்குடியினர் உணவளித்துக் காத்தமையால் கிங் ஒருவரே உயிர் பிழைத்தார்.

அம்மரம் இன்றும் நிற்கிறது. செதுக்கிய எழுத்துகள் பெரும்பாலானவற்றை மரப்பட்டை வளர்ந்து மூடிவிட்டது. பார்க்க வருவோரின் கால்பட்டு வேர்மண் இறுகிவிடாதபடி, சுற்றிலும் பலகைப் பாதை அமைத்திருக்கின்றனர்.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1947-இல் தென் ஆஸ்திரேலியாவின் ஊமெரா என்னுமிடத்தில் ராக்கெட் சோதனைத் தளம் நிறுவப்பட்டது. ஏவும் ராக்கெட்டுகள் பறந்து செல்லும் திசையிலோ சாலைகளே இல்லை. அவற்றை அமைக்கும் பணி லென் பீடெல் (1923–1995) என்ற நில அளவையாளரிடம் வந்தது. ஒரு சிறு குழுவுடன் 1963 வரை அவர் பாலையில் இட்ட சாலைகளின் நீளம் 6,000 கிலோமீட்டருக்கும் அதிகம். அவற்றுள் புகழ் பெற்றது, 1958-இல் முடிவுற்ற கன்பேரல் நெடுஞ்சாலை. துப்பாக்கிக் குழல் போல் நேராகச் செல்ல வேண்டும் என்று அவர் விரும்பியதால் ஏற்பட்ட பெயர் அது. நெடுஞ்சாலை என்றதும் நம் ஊர்த் தார்ச்சாலையை நினைத்துவிடக் கூடாது. புல்டோசர் புதரைத் தள்ளிக்கொண்டு போன மண்தடமே அது. மற்றச் சாலைகள் சிலவற்றுக்கு மனைவி மக்களின் பெயரையே சூட்டினார். ஆளில்லாக் காட்டில் மாதக்கணக்கில் இருந்தவருக்கு அவர்கள் நினைவு வந்ததில் வியப்பில்லை!

அவர் வேலை செய்த முறையும் அறியத் தக்கது. முன்னே தம் வண்டியில் தனியாகச் சென்று தக்க வழியைத் தேர்ந்தெடுப்பார். பிறகு கண்ணாடியைச் சூரியனுக்குக் காட்டி ஒளியைத் திருப்புவார். அந்த மின்னலைக் குறியாகக் கொண்டு புல்டோசர் பின்னால் வரும். இரவில் கோணமானி கொண்டு விண்மீன்களை அளந்து, அவ்விடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் கணக்கிடுவார். அக்கணக்கையும் தேதியையும் அலுமினியத் தகட்டில் ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியால் அடித்துப் பதித்து, மரத்திலோ கம்பத்திலோ பொருத்திவிட்டுச் செல்வார். வழி தவறிய பயணிக்கு, தான் நிற்கும் இடம் எதுவென்று அத்தகடு சொல்லும்.

இத்தகடுகளைத்தான் பின்வந்தோர் கழற்றிக்கொண்டு போயினர். நினைவுப் பொருள் வேண்டும் என்ற ஆசையே பெரும்பாலும் காரணம். சிலர் துப்பாக்கியால் சுட்டுக் குறி பழகினர். வேறு சிலர் தம் பெயரைக் கிறுக்கினர். ஆஸ்திரேலியாவில் வேறு இடங்களில் வெண்கல நினைவுத் தகடுகளைப் பழைய உலோகமாக எடைக்குப் போடும் திருடரும் உண்டு. அவர்களாவது வயிற்றுக்காகச் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளக் கூடும். விலையுயர்ந்த வண்டியில் உல்லாசப் பயணம் வந்து தகட்டைப் பெயர்ப்பவருக்கு அந்தச் சாக்கும் இல்லை. சட்டம் உண்டுதான், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆளரவமே இல்லாத இடத்தில் அதைக் காவல் காப்பது யார்?

எடுத்துச் சென்றவருக்குத்தான் என்ன கிடைத்தது? அத்தகட்டில் இருப்பது ஓர் இடத்தின் முகவரி. அது அறையப்பட்ட இடத்தில் நிற்கும் வரை அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் உண்மை. நகரத்து வீட்டுச் சுவரில் மாட்டிய மறுகணமே அது பொய்யுரைக்கத் தொடங்கிவிடுகிறது. தோட்டத்தில் காட்டு எண் எழுதிய பலகையை ஒருவன் பிடுங்கிச் சென்றால் அவனுக்குக் கிடைப்பது ஒரு துண்டுப் பலகை. மறுநாள் விடியலில் புதிதாக வேலைக்கு வருபவனோ வழி தெரியாமல் திகைத்து நிற்பான். பெற்றோர் இதனை நம்மைவிட நன்கு அறிவர்.

சின்னங்கள் யாவும் பெருமைக்குரியவை என்று நாம் கூறவில்லை. பீடெல் இட்ட சாலைகள் ஆயுதச் சோதனையின் பொருட்டு எழுந்தவை. 1953-இல் ஈமு என்னுமிடத்திலும், 1956, 57-ஆம் ஆண்டுகளில் மரலிங்காவிலும் பிரிட்டன் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. ஆதிக்குடியினர் பலர் தம் சொந்த நிலத்தை இழந்தனர். மேற்கு ஆஸ்திரேலியாவில் கேனிங் என்பவர் மாட்டு மந்தைகள் செல்லுவதற்காக 1,800 கிலோமீட்டருக்கும் மேலான வழியொன்றைக் கண்டு, 1908 முதல் 1910 வரை சுமார் 50 கிணறுகளை அமைத்தார். நீர் இருக்குமிடம் காட்ட ஆதிக்குடியினரைச் சங்கிலியால் பிணைத்து இழுத்துச் சென்றனர். தங்கள் ஊற்றுகள் பறிபோகக் கண்ட அம்மக்கள் பின்னர்க் கிணறுகள் பலவற்றைச் சிதைத்தனர். அதனையும் தகடு திருடுவோரின் செயலையும் ஒரே தராசில் வைத்தல் தகாது. முன்னது நீருக்காக நிகழ்ந்த போராட்டம். அத்துயர வரலாற்றைக் கேட்க விரும்புவோர்க்கும் அவ்வழியிலுள்ள கிணறுகளும் தகடுகளுமே சான்றுகளாக இருக்கின்றன. சான்று போயின் அநீதி செய்தவருக்கே வசதி.

களவுபோன தகடுகள் பலவற்றுக்கு ஈடாக, அதே எண்களைப் பொறித்த படிகளை ஆர்வலர்கள் அவ்வவ்விடங்களில் பொருத்தியுள்ளனர். உலோகத்துக்குப் படி எடுக்கலாம். மரத்துக்கு?

குவீன்ஸ்லாந்தின் உள்நாட்டில் பார்கால்டின் என்றோர் ஊர் உண்டு. 1891-இல் ஆட்டு மயிர் கத்தரிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவ்வூர் ரயில் நிலையத்தின் முன் நின்ற மரத்தடியில்தான் கூடிப் பேசினர். வேலைநிறுத்தம் தோற்றது. தலைவர்கள் பதின்மூவருக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. எனினும் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி பிறப்பதற்கு அப்போராட்டம் ஒரு காரணமாயிற்று. அம்மரமும் அறிவு மரம் எனப் பெயர் பெற்றது. உழைத்து உண்ணும் குடும்பங்களில் பிறந்த நாம் அவ்வூரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. 2006-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அம்மரம் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் யாரோ அதன் வேரில் களைக்கொல்லி நஞ்சை ஊற்றிவிட்டனர். வல்லுநர் முயன்றும் பயனில்லை. ஆண்டு முடிவதற்குள் மரம் பட்டுப்போயிற்று. செய்தவர் யாரென்று கண்டுபிடிக்கப்படவில்லை.

ஊரார் அம்மரத்தைக் கைவிட்டுவிடவில்லை. பட்ட மரத்தை எடுத்துப் பதப்படுத்தி, அது நின்ற இடத்திலேயே மீண்டும் நிறுத்தி, அதன்மேல் ஒரு மண்டபம் எழுப்பி 2009-இல் திறந்து வைத்தனர். பழைய கிளைகளின் கவிகையை நினைவூட்டும் வண்ணம் ஆயிரக்கணக்கான மரச்சட்டங்கள் அதன் மேற்பகுதியிலிருந்து தொங்குகின்றன. காற்று வீசும்போது அவை மெல்ல அசைகின்றன.