ஏலமும் ஏலமும்

ஏலம் என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் தருவது. ஒன்று, நம் மேற்குமலைச் சாரலில் விளையும் நறுமணக் காய். இது தொன்றுதொட்டு வழங்கும் பெயர். மற்றொன்று, பலர் கூடிப் போட்டியிட்டு விலை கூறிப் பொருள் கொள்ளும் முறை. இது போர்த்துகீசியர் வழியாக நம் மொழியிற் புகுந்த சொல் என்பர் மொழிநூலார். பிறப்பால் வேறுபட்ட இவ்விரு சொற்களும் ஒருங்கே வாழும் ஊர் போடிநாயக்கனூர். அவ்வூரிற் பிறந்து வளர்ந்த யான், கண்ணுக்குப் புலனாகாத மூன்றாம் ஏலம் ஒன்றைப் பற்றி ஈண்டு எழுதப் புகுந்தேன். இணையதளங்களில் விளம்பரம் இடுவதற்கு நாள்தோறும் நிகழும் ஏலமே அது. தளமுடையார்க்கு வரும் வருவாய் எவற்றால் ஏறுகின்றது, எவற்றாற் குறைகின்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நம்மூர் ஏலத்தைக் காண்போம். மலையினின்று இறங்கிய ஏலக்காய், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில், போடியிலும் மலைக்கு அப்பாலுள்ள புற்றடியிலும் விற்கப்படுகின்றது. வணிகர் மாதிரிக் காயைக் கையிலெடுத்து நிறமும் பருமனும் நோக்குவர். பின் தத்தம் கணினி முன் அமர்ந்து விலையை ஏற்றுவர். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பசுங்காய்க்கு ஒரு விலை. நிறம் வெளிறிய சிறுகாய்க்கு வேறொரு விலை. விளைத்தவர் விலை கூறுவதில்லை; கொள்வோரே கூறுகின்றனர்.

இணைய ஏலமும் இத்தகையதே. ஒருவர் கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறக்கின்றார் எனக் கொள்வோம். அப்பக்கம் விரிவதற்குள், ஏறத்தாழ ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக் காலத்தில், அங்குள்ள வெற்றிடம் ஏலத்திற்கு வந்து விற்றுப் போகின்றது. விலை கூறுவோர் விளம்பரதாரரின் சார்பில் இயங்கும் கணினிகள். வென்றவரின் விளம்பரம் அவ்விடத்தில் தோன்றும். கூகுளின் ஆட்சென்ஸ் வாயிலாக இவ்விற்பனை நிகழின், விளம்பரதாரர் கொடுக்கும் 100 ரூபாயில் ஏறத்தாழ 68 ரூபாய் தளமுடையார்க்குச் சேரும், எஞ்சியது தரகாகும். தோன்றும் விளம்பரங்களை ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிட்டு விலை பேசுவது வழக்கம்.

ஒரு கணக்கு இதனை விளக்கும். மாதம் 20,000 முறை பார்க்கப்படும் தளம் ஒன்றில் பக்கத்திற்கு 2 விளம்பரம் எனின் 40,000 காட்சிகள் ஆம். ஆயிரத்திற்கு 20 ரூபாய் கிடைப்பின் வருவாய் 800 ரூபாய். 60 ரூபாய் கிடைப்பின் 2,400 ரூபாய். எழுத்தும் உழைப்பும் ஒன்றே. வருவாயோ மும்மடங்கு வேறுபடுகின்றது. மேலும், கணக்கில் 100 டாலர் சேர்ந்த பின்னரே ஆட்சென்ஸ் பணம் அனுப்பும். முதற்கூறிய தளமுடையார் அதற்கு ஏறத்தாழ ஓராண்டு காத்திருத்தல் வேண்டும்.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்னை? சில காரணங்கள் எழுதுவோன் கையில் இல்லை. முதலாவது, படிப்போர் வாழும் நாடு. ஒரே கட்டுரையை அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் படிப்பின் விலை மிகும். தேனியிற் படிப்பின் குறையும். அங்குள்ளாரிடம் தம் பொருளை விற்றுப் பெறும் ஊதியம் பெரிதென விளம்பரதாரர் கருதுவதே காரணம். இரண்டாவது, மொழி. ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்கத் தொடங்கியதே 2018ஆம் ஆண்டில்தான். ஏலத்திற்கு வருவோர் சிலராயின் விலை ஏறுவது எங்ஙனம்? மூன்றாவது, பொருள். காப்பீடு, கடன் பற்றிய பக்கத்திற்குப் போட்டி மிகுதி, கவிதைக்குக் குறைவு. நான்காவது, பருவம். தீபாவளியை ஒட்டி ஏறும் விலை, புத்தாண்டு பிறந்ததும் சரியும்.

மலைத்தோட்டக்காரர் இத்தகைய ஏற்றத்தாழ்வை நன்கறிவர். 2018இன் பெருவெள்ளமும் அடுத்த ஆண்டின் வறட்சியும் விளைவைக் குறைத்தமையால், 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோவின் உச்சவிலை 7,000 ரூபாயைத் தொட்டது. 2022இலோ சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழிறங்கியது. கடல் கடந்த குவாத்தமாலா நாட்டின் விளைவும் நம் மலையின் விலையை அசைக்கின்றது. மழையும் குவாத்தமாலாவும் உழவன் கையில் இல்லை. ஆயின், முற்றிய காயைப் பறித்தலும், ஸ்டோரில் பக்குவமாக உலர்த்தலும், தூசு நீக்கித் தரம் பிரித்தலும் அவன் கையில் உள்ளன அன்றோ?

அங்ஙனமே தளமுடையார் கையில் உள்ளனவும் சில உண்டு. விளம்பரத்தின் பரப்பிற் பாதியேனும் ஒரு விநாடியேனும் திரையில் தெரிந்தால்தான் அது பார்க்கத்தக்கதாகக் கணிக்கப்படும். ஆதலின், யாரும் எட்டாத அடிப்பகுதியில் வைத்த விளம்பரத்திற்கு மதிப்பில்லை. பக்கம் விரைந்து திறத்தல் வேண்டும். திரையை மறைத்து நிற்கும் விளம்பரம் முதலிய தொல்லைகளை நீக்காத தளங்களில், குரோம் உலாவி 2019 ஜூலை முதல் உலகெங்கும் விளம்பரங்களையே தடுத்து வருகின்றது. தம் விளம்பரத்தைத் தாமே சொடுக்கிப் பொருள் ஈட்ட முயல்வோர் கணக்கையே இழப்பர்.

என் பெரியப்பா மகனாகிய அண்ணன், ஏலச்செடியின் அழுகல் நோய், இலைப்பேன் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் எழுதுந் தளம் ஒன்று நடத்துகின்றார். முதலாண்டு வருவாய் இரண்டு கிலோ ஏலக்காய் விலைக்கும் போதவில்லை. மனம் நொந்து, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு விளம்பரம் வைத்தார். ஒரு மாதம் வருவாய் சற்றே உயர்ந்தது. மறுமாதம் படிப்போர் பாதியாயினர். மலைச்சரிவில் அலைவரிசை மெலிந்த இடத்தில் நின்று, நோய்க்கு மருந்து தேடும் தோட்டக்காரர்க்கு அப்பக்கம் திறக்கவேயில்லை. அது கேட்ட பெரியப்பா, "பிஞ்சைப் பறித்துவிட்டு எடை போதவில்லை என்றால் எப்படியப்பா?" என்றார். பச்சைக்காய் 5 கிலோ உலர்ந்தால் ஏறத்தாழ 1 கிலோ தேறும். பிஞ்சாயின் அதுவும் தேறாது. அண்ணன் விளம்பரங்களைக் குறைத்தார். போனவருள் ஒரு பகுதியினர் திரும்பினர், எல்லாரும் திரும்பவில்லை.

இவ்விடத்து இரண்டு ஏலங்களும் வேறுபடுவதைக் காண்க. தோட்டக்காரர் விற்பது தாம் விளைத்த காயை. தளமுடையார் ஏலத்தில் விற்பது தம் கட்டுரையை அன்று. அதனைப் படிக்க வந்தவரின் நோக்கத்தை, அவருடைய ஒரு விநாடிக் கவனத்தை. அக்கவனம் பிறர் நம்பி ஒப்படைத்த பொருள். அதனை அளவு கடந்து விற்பவர் நம்பிக்கையையும் இழப்பர். பின்னர் வருவாயையும் இழப்பர்.

இஃதன்றி, இன்று தேடுபொறிகளே வினாவிற்கு விடையைத் தொகுத்து மேலே காட்டுதலின், பக்கம்வரை வருவோர் குறையும் அச்சமும் தோன்றியுள்ளது. விளம்பர வருவாய் ஒன்றையே நம்பித் தமிழில் அறிவுநூற் பக்கங்கள் நிலைபெறுதல் அரிது. ஆயின் அவை இல்லையேல், ஆங்கிலம் அறியாத உழவர்க்கு வழி யாது? ஆதலின், தமிழ் பயிலும் தோழர்காள்! இணையத்தில் எழுதப் புகுவீராயின், விலை ஏறும் பொருளைத் தேடி எழுதுவதற்கு முன், தேவைப்படுவார் யாரென நோக்கி எழுதுமின். விலையைக் கொள்வோர் கூறட்டும். காயின் தரத்தை நாமே காப்போம்.