மனநோயும் சமூகப் படிநிலையும்: ஹாலிங்ஸ்ஹெட்டின் ஆய்வு

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காண்பது வள்ளுவரின் 'மருந்து' அதிகாரம். இந்நான்கும் ஓரிடத்தில் கூடுவதற்கு நோயாளியின் செல்வமும் கல்வியும் எத்துணைக் காரணமாகின்றன? மனநோய்த் துறையில் இவ்வினாவை எழுப்பி விடை தேடியவர் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட் (1907–1980) ஆவார்.

சிற்றூர் ஒன்றின் பள்ளிப் பருவத்தினருடைய கல்வியும் நட்பும் வேலையும் குடும்பத்தின் படிநிலையைச் சார்ந்தே அமைவதை, 1949இல் வெளிவந்த 'எல்ம்டவுன் இளைஞர்' என்னும் நூலில் அவர் காட்டினார். பின்னர், யேல் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவர் ஃபிரடெரிக் ரெட்லிக்குடன் இணைந்து, நியூ ஹேவன் பகுதியில் 1950இல் சிகிச்சை பெற்றுவந்த மனநோயாளரைக் கணக்கெடுத்தார். வாழும் பகுதி, தொழில், கல்வி ஆகிய மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு மக்களை ஐந்து படிநிலையினராக வகுத்தார். ஆய்வு முடிவுகள் 1958இல் 'சமூக வகுப்பும் மனநோயும்' என்னும் நூலாக வெளிவந்தன.

மக்கள்தொகையில் சுமார் 18 விழுக்காட்டினரே கடைசிப் படிநிலையினர். நோயாளருள்ளோ அவர்கள் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்டிருந்தனர். சிகிச்சைக்கு வந்த வழியும் வேறுபட்டது. மேல்நிலையினரைக் குடும்பத்தாரும் தனி மருத்துவரும் அழைத்து வந்தனர். கீழ்நிலையினரைப் பெரும்பாலும் காவல்துறையும் நீதிமன்றமும் அனுப்பி வைத்தன. முன்னவர்க்கு உரையாடல்வழி உளச்சிகிச்சை வாய்த்தது. பின்னவர்க்கு மின்னதிர்ச்சி முதலிய சிகிச்சைகளோ, அரசு மனநோய் மருத்துவமனையில் வெறும் காவல் வாழ்வோ வாய்த்தது.

எனின், வறுமையே மனநோயைத் தோற்றுவிக்கிறது எனக் கொள்ளலாமா? அவ்வாறு விரைந்து முடிவு கட்டுதல் பொருந்தாது. ஏரியில் நீர் பெருகுவது வரத்து மிகுதியால் மட்டுமன்று. மதகு அடைபட்டாலும் பெருகும். நலம் பெற்று வெளியேற வழியின்றி ஏழை நோயாளர் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டமையும் அவ்வெண்ணிக்கையை உயர்த்தியது. அதே நோயாளரைப் பத்தாண்டுகளுக்குப் பின் தேடிச் சென்று ஆராய்ந்த மையர்ஸ், பீன் ஆகியோரின் நூல் (1968) இதனை வலியுறுத்துகிறது: கீழ்நிலையினரே மிகுதியும் மருத்துவமனையில் எஞ்சியிருந்தனர்.

ஆய்வு மாணவர் இங்குக் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கை வேறு. நோயுற்றோர் எண்ணிக்கை வேறு. மருத்துவமனை வாயிலை எட்டாதவர் எப்பட்டியலிலும் இடம்பெறார். அவர்களையும் தேடிக் காண்பதே ஆய்வாளர் கடமை. அவர்க்கு வழி திறந்துவிடுவது சமுதாயத்தின் கடமை.