ஸ்டாக்ஹோம் செல்வார்க்குச் சில குறிப்புகள்

அறிவியல் பயில்வார்க்கு ஸ்டாக்ஹோம் என்ற பெயர் புதியதன்று. திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1930-லும், சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983-லும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009-லும் நோபெல் பரிசு பெற்றது அந்நகரில்தான். பரிசு அறிவிக்கப்படுவதற்குப் பல திங்கள் முன்பே இராமன் தமக்கும் தம் துணைவியார்க்கும் பயணச் சீட்டுப் பதிவு செய்துவிட்டார் என்று அவர் வரலாற்றில் சொல்வதுண்டு. அத்துணை நம்பிக்கை நமக்கு இல்லாவிடினும், அத்துணை முன்னேற்பாடு நமக்கும் வேண்டும். கருத்தரங்கில் கட்டுரை ஏற்கப்பட்டும், விசா உரிய நாளில் கிடைக்காமையால் செல்ல இயலாதுபோன மாணவர்களை நான் அறிவேன். அவர்களுக்குக் குறைந்தது திறமையன்று, நாட்களே. கோடைப் பள்ளி ஒன்றிற்காகச் சென்ற ஆண்டு சூன் திங்களில் அங்கே ஒரு வாரம் தங்கியிருந்தேன். அதனால் தெரிந்துகொண்டவற்றை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது திங்கள். ஸ்டாக்ஹோம் ஏறத்தாழ 59 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. புவியின் சாய்வு 23.4 பாகை. இவ்விரண்டையும் கொண்டு நாமே கணக்கிட்டுவிடலாம். திசம்பர் 21-ஆம் நாள் நண்பகலில் அங்கே ஞாயிறு அடிவானத்திற்கு மேல் 7 பாகை உயரமே எழும். பகற்பொழுது 6 மணி நேரம். சூன் 21-ஆம் நாளிலோ 54 பாகை எழும். பகற்பொழுது 18 மணி நேரத்திற்கும் மேல். சென்னையில் மார்கழி நண்பகலில் ஞாயிறு நிற்கும் உயரமும் ஏறத்தாழ இதே 54 பாகைதான்! அவர்களுடைய ஆனி வெயில் நம்முடைய மார்கழி வெயிலுக்கு நிகர் என்றால் மிகையாகாது. ஆகவே ஊர் சுற்றிப் பார்க்க விரும்புவோர் மே முதல் செப்டம்பர் வரை செல்வது நலம். அப்பொழுதும் ஒரு கம்பளிச் சட்டையும் மழையங்கியும் பெட்டியில் இருக்கட்டும். சூன் பிற்பகுதியில் நடுக்கோடை விழா வரும். அந்நாட்களில் பல கடைகள் அடைத்திருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

இரண்டாவது, விசா. ஸ்வீடன் ஷெங்கன் நாடுகளுள் ஒன்று. பயணத்திற்கு 6 திங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறைந்து விண்ணப்பித்தல் கூடாது. முடிவு பெரும்பாலும் 15 நாட்களில் வரும். சில வேளை 45 நாட்கள் வரை நீளும். எனவே இரண்டு மூன்று திங்கள் முன்னரே கொடுத்துவிடுவதே அறிவுடைமை. பாஸ்போர்ட் 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் 3 திங்கள் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருத்தல் வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தேவை. உதவித்தொகையில் வாழும் நம் போன்றோரின் வங்கிக் கணக்கு மெலிந்தே இருக்கும். அழைக்கும் நிறுவனம் தங்குமிடத்தையும் செலவையும் ஏற்குமானால், அதனைத் தெளிவாகக் குறித்துக் கடிதம் தருமாறு கேட்டுப் பெறுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டா.

மூன்றாவது, பணம். அங்கே வழங்குவது யூரோ அன்று, குரோனா. கடைகள் பலவற்றில் நோட்டு வாங்கமாட்டார்கள், அட்டைதான் செல்லும். நம் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்லாண்டா விமான நிலையம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விரைவு இரயில் 20 நிமிடத்திற்குள் கொண்டு சேர்க்கும், கட்டணமோ மிகுதி. 583-ஆம் எண் பேருந்தில் மேர்ஸ்டா சென்று, அங்கிருந்து புறநகர் இரயில் ஏறினால் நகரப் போக்குவரத்துச் சீட்டே போதும். ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாகும். ஒற்றைச் சீட்டு 75 நிமிடம் செல்லும். பல நாள் தங்குவோர்க்கு 72 மணி நேரச் சீட்டோ 7 நாட் சீட்டோ சிக்கனம். உணவுக்கு, அடுப்படி உள்ள விடுதியைத் தேர்ந்து அரிசியும் பருப்பும் வாங்கிச் சமைப்பதே நம் பைக்கு ஏற்றது. வெளியில் உண்பதானால் வேலை நாட்களின் நண்பகல் உணவு இரவு உணவைவிட மலிவு. குழாய் நீர் தூயது. புட்டி நீர் வாங்குதல் வீண் செலவு.

இனிக் காணத்தக்கவை. நகரம் 14 தீவுகளின் மேல் அமைந்தது. மேலாரன் ஏரி பால்டிக் கடலோடு கலக்கும் இடம் அது. பழைய நகரமாகிய கம்லா ஸ்தானை நடந்தே பார்க்கலாம். 1923-இல் திறக்கப்பட்ட நகர மண்டபத்தில்தான் நோபெல் விருந்து நடைபெறுகிறது. யூர்கோர்டன் தீவில் வாசா என்னும் போர்க்கப்பல் இருக்கிறது. 1628-இல் முதற் பயணத்திலேயே, ஒன்றரைக் கிலோமீட்டர்கூடச் செல்லாமல், மேற்பாரம் மிகுந்து கவிழ்ந்தது, 1961-இல் மீட்டெடுக்கப்பட்டது. ஈர்ப்பு மையத்தைப் பற்றி இதைவிடச் சிறந்த பாடம் எந்நூலிலும் இல்லை. அதே தீவில் 1891-இல் தொடங்கிய ஸ்கான்சென் திறந்தவெளிக் காட்சியகமும் உண்டு. தரைக்கடியில் ஓடும் இரயில் நிலையங்கள் பலவற்றில் பாறைச் சுவர்களே ஓவியக் கூடங்களாக விளங்குகின்றன. அவற்றைக் காணத் தனிக் கட்டணம் இல்லை.

நண்பர்களே, அழைப்பு எந்நாளில் வரும் என்று யாரும் அறியோம். வந்தபின் ஓடுவதினும், பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இந்தப் பருவ விடுமுறையிலேயே அதற்கு விண்ணப்பித்து வைப்பது நன்று.