கண்ணாடியில் பனி வேலைப்பாடு: அமிலம் இல்லாமல் வீட்டிலேயே செய்யலாம்



பனி படர்ந்தது போல் மங்கலான பூச்சாடி. நடுவில் ஒரு பூக்கொடி மட்டும் பளிச்சென்று தெரியும். ஃபிராஸ்டட் கண்ணாடி என்று கடையில் விற்கிறார்கள். ‘இதை வீட்டிலிருந்தே செய்து நாலு காசு பார்க்க முடியுமா?’ என்று சகோதரிகள் சிலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் எந்த வழியில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வழவழப்பான கண்ணாடியில் ஒளி நேராக ஊடுருவும். மேற்பரப்பு சொரசொரப்பானால் ஒளி சிதறும். அதுதான் பனி போலத் தெரிகிறது. இதற்கு நான்கு வழிகள் உண்டு.

காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சுவது ஒன்று. இது பட்டறை வேலை. மணல் தூசி நுரையீரலைக் கெடுத்துவிடும்.

எட்சிங் கிரீம் தடவுவது இரண்டாவது. சில நிமிடங்களில் வேலை முடியும் என்பதால் பலரும் இதைத்தான் நாடுகிறார்கள். ஆனால் இதில் இருப்பது கண்ணாடியையே அரிக்கும் ஃபுளோரைடு உப்பு. தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமலும் போகலாம். உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, பல மணி நேரம் கழித்துத்தான் வலிக்கத் தொடங்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் இது வரவே வேண்டாம். எங்காவது பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய், ‘ஃபுளோரைடு பட்டது’ என்று மறக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஸ்ப்ரே. அந்த டப்பாவில் இருப்பது பெரும்பாலும் எளிதில் தீப்பிடிக்கும் வாயு. அடுப்பு எரியும் வீட்டிலும், தீப்பெட்டி, பட்டாசு வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலும் கூடாது.

நாம் சொல்வது நான்காவது வழி. பெயின்டர்கள் ‘வாட்டர் பேப்பர்’ என்பார்களே, அந்தத் தண்ணீர் உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் 220 அல்லது 320 நம்பர் கேட்டு வாங்குங்கள்.

1. ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைக்கவும்.
2. வினைல் ஸ்டிக்கரில் பூ, இலை வடிவங்களை வெட்டி, ஓரம் தூக்காமல் ஒட்டவும். காகித ஸ்டிக்கர் தண்ணீரில் ஊறிவிடும். சிவகாசி அச்சகங்களில் வெட்டி மீந்த வினைல் துண்டு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.
3. ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளவும். ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, தாளையும் ஜாடியையும் நனைத்து, வட்ட வட்டமாகத் தேய்க்கவும். காயவிடக் கூடாது, ஈரம் இருந்தால்தான் தூள் பறக்காது.
4. மங்கல் ஒரே சீராக வந்ததும் அலசி, ஸ்டிக்கரை உரிக்கவும். அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

வெளிப்பக்கம் மட்டுமே தேய்க்க வேண்டும். தேய்த்த கண்ணாடி சற்றுப் பலம் குறையும். அதனால் சூடான டீ ஊற்றும் டம்ளருக்கு இது ஆகாது. பூச்சாடி, அலங்கார ஜாடி போன்றவை போதும்.

அல்லாஹ்வின் பெயரையோ ஆயத்தையோ கழுவித் துடைக்கும் பாத்திரத்தில் எழுத வேண்டாம். உடைந்தால் குப்பைக்குத்தானே போகும்? எகிப்தில் மம்லூக் சுல்தான்கள் காலத்துக் கண்ணாடி விளக்குகளில் சூரா அந்நூரின் ஒளி வசனத்தை எழுதினார்கள். அவை மஸ்ஜிதில் உயரத்தில் தொங்கியவை. நமக்குப் பூவும் கொடியும் நட்சத்திரக் கட்டமும் போதும்.

வீட்டு வேலை என்றால் என்ன என்று நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிள்ளைகளின் கையும் அதில் சேர்ந்த காலத்தை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். சிவகாசிப் பிள்ளைகள் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் பிள்ளையை வேலைக்கு வைக்கும் முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இந்தக் கண்ணாடி வேலை பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகள் வேண்டுமானால் பூ வரைந்து தரட்டும்.

விற்கும்போது, ‘இதில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றாதீர்கள்’ என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். குறையை மறைக்காமல் விற்ற காசில்தான் பரக்கத் இருக்கும். முதலில் ஒரு பழைய பாட்டிலில் தேய்த்துப் பழகுங்கள்; கை பழகிய பிறகு விற்பனைக்கு எடுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.